கிளாம்ப்: இறுக்க வேண்டிய இடமும் விட வேண்டிய இடமும்

சுவாமிமலைப் பட்டறைகளில் மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, அதைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டுவார்கள். மெழுகை உருக்கி வடித்த பிறகு அந்த மண் அச்சுக்குள் இறங்கும் உலோகக் குழம்பு, தண்ணீரைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு கனம். கம்பிக்கட்டு சரியில்லை என்றால் அச்சு வெடித்துவிடும். அத்தனை நாள் வேலையும் வீண்.

அந்தக் கம்பிக்கட்டைப் போலவே, அதே ஊரின் வீட்டுச் சுவர்களில் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைப் பிடித்து நிற்பது கிளாம்ப். 2003-இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து, சுவரோரம் இறங்கும் நாலு இஞ்சு பிவிசி குழாய் நமக்குப் பழகிப்போன காட்சி. குழாய்க்குக் கம்பெனி பார்த்து வாங்குகிறோம். கிளாம்பை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

கிளாம்ப் தாங்க வேண்டியது முதலில் எடை. நாலு இஞ்சுக் குழாயில் தண்ணீர் நிறைந்தால் மீட்டருக்குச் சுமார் எட்டு கிலோ. கீழே இலை, சருகு அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் குழாய் மேல்வரை நிறைந்துவிடும். அந்த எடை முழுவதும் கிளாம்ப்மேல்தான்.

அடுத்தது உதறல். மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் மோட்டார் லைனில், மோட்டார் நின்றதும் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கி, சட்டென்று மூடும் வால்வில் மோதுவதால் வருவது அது. இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், அழுத்தம் பத்து வளிமண்டலத்துக்கு மேலும் எகிறலாம். வளைவுகளின் இரு பக்கமும் கிளாம்ப் இல்லாத லைன் ஒவ்வொரு முறையும் ஆடி, கடைசியில் இணைப்பில் கசியத் தொடங்கும்.

பலரும் கவனிக்காதது குழாயின் நீட்சி. ஒரு மீட்டர் பிவிசி குழாய், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். இரும்பைப் போல ஐந்தாறு மடங்கு இது. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் குழாய், சித்திரை வெயிலில் 55 டிகிரிக்குப் போனால், ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் கூடும். சுவரோ அந்த அளவுக்கு நீளாது. எல்லா கிளாம்பையும் முறுக்கி இறுக்கிவிட்டால், குழாய் நீள வழியில்லாமல் இரண்டு கிளாம்புக்கு நடுவே வில்லாக வளையும். எல்போ ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். குழாய் மட்டம் என்று அப்போது திட்டுவோம்.

மூன்று மீட்டர் நீளக் குழாய்க்கு ஒரே ஓர் இடத்தில் இறுக்கமான பிடி போதும். சாக்கெட்டுக்குக் கீழே அதைப் போட்டால் எடை அங்கே இறங்கும். மற்றவை குழாய் விலகாமல் பார்த்துக்கொண்டு, மேலும் கீழும் நழுவ விட வேண்டும். ரப்பர் ரிங் இணைப்பானால் குழாயை முழுக்கச் செருகி, அடையாளம் போட்டு, பத்து மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட வேண்டும். நீட்சிக்கு அதுதான் இடம்.

கிளாம்புகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் முக்கியம். படுக்கையாக ஓடும் ஒரு இஞ்சு சிபிவிசி லைனுக்கு மூன்று அடிக்கு ஒன்று வேண்டும். வெந்நீர் லைன் இளகித் தொய்யும் என்பதால் இன்னும் நெருக்கமாகப் போடுவது நல்லது. துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புக் குழாய் விறைப்பானது. ஏழெட்டு அடிக்கு ஒன்று போதும்.

கிளாம்பின் உலோகத்தையும் பார்க்க வேண்டும். செம்புக் குழாயை வெறும் ஜிஐ கிளாம்பில் மாட்டினால், ஈரம் பட்டவுடன் கிளாம்பின் துத்தநாகமும் இரும்பும் அரிபடத் தொடங்கும். நடுவே ரப்பர் உறை உள்ள கிளாம்ப் அதைத் தடுக்கும், சத்தத்தையும் குறைக்கும். வெயில்படும் இடத்துக்கு மலிவான பிளாஸ்டிக் கிளாம்ப் வேண்டாம். சில வருடங்களில் நொறுங்கிவிடும்.

நல்ல கிளாம்பும் சுவர் பிடிக்காவிட்டால் வீண். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய அக்ரகாரத்து வீடுகளில் காரையில் ஆணி அடித்தால், முதல் உதறலிலேயே கையோடு வந்துவிடும். செங்கல் இருக்கும் இடம் தட்டிப் பார்த்து, நடுச் செங்கலில் டிரில் போட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, பிளக் செருகி ஸ்குரூ முறுக்க வேண்டும். செங்கல் இடுக்கில் போட்ட துளை நாளடைவில் பெரிதாகும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு காலைப்பொழுது ஒதுக்கினால் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். இறுக்கப் பிடியில் குழாய் அசையக் கூடாது. மற்ற இடங்களில் கையால் தள்ளினால் மேலும் கீழும் நழுவ வேண்டும். துரு வழிந்து சுவரில் கறை இறங்கியிருந்தால் அந்த கிளாம்பை மாற்றிவிடுங்கள். சில ரூபாய் வேலைதான். அடைமழையில் குழாய் பெயர்ந்து விழுந்த பிறகு ஆள் தேடினால், பூச்சு வேலைக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.