கணத்தில் மாயும் மெஸான்கள்

கண்ணிமைப்பொழுது என்று நாம் வழங்கும் சிறு காலமும், அணுவினுட் பொருள்களை ஆராய்வார்க்கு ஓர் யுகமாகும். ஒரு விநாடியை லட்சங்கோடி கூறாக்கின், அவற்றுள் ஏறக்குறைய ஒன்றரைக் கூறே பி மெஸான் என்னும் துகளின் ஆயுள். குவார்க் ஒன்றும் எதிர்க்குவார்க் ஒன்றும் கூடியது மெஸான் எனப்படும். அவற்றுள் ஒன்று ‘அழகு’ எனப் பெயரிய இனத்தைச் சார்ந்ததாயின், அது பி மெஸான். புரோட்டானினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையது. இத்துணை விரைவில் மாய்வதனை அளப்பது எங்ஙனம்?

ஜினீவா நகரின் அருகே, நிலத்தின்கீழ், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிரே ஓட்டி மோதச் செய்கின்றனர். அம்மோதலிற் பிறக்கும் பி மெஸான் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றது. ஆதலின் ஐன்ஸ்டீன் காட்டிய நியதிப்படி அதன் ஆயுள் நமக்கு நீண்டு தோன்ற, அது சிதையுமுன் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் செல்கின்றது. அருகில் அடுக்கிய ஸிலிக்கன் தகடுகள், சிதைவிற் பிறந்த துகள்களின் தடங்களைக் குறிக்கும். அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் கூடுமிடமே மெஸான் மாய்ந்த இடம். காந்தத்தினால் தடம் வளையும் அளவு துகளின் உந்தத்தைத் தெரிவிக்கும். தூரமும் உந்தமும் தெரியவே, ஆயுளும் தெளிவாம்.

இனி, இவ்வளவையின் அருமையைக் காட்டும் வரலாறு ஒன்றுண்டு. பி மெஸான் மிக அரிதாக, ஒரு காவோனோடு எலெக்ட்ரான் இணையையோ மியூவான் இணையையோ தந்து சிதையும். மியூவான், நிறையில் எலெக்ட்ரானைப்போல் 200 மடங்குக்கு மேற்பட்டதாயினும், ஏனைய குணங்களில் அதனை ஒத்தது. ஆதலின் இருவகைச் சிதைவும் சமமாக நிகழ்தல் வேண்டும் என்பது கொள்கை. ஆனால் 2021ஆம் ஆண்டில் எல்.எச்.ஸி.பி. ஆராய்ச்சிக் குழுவினர், எலெக்ட்ரான் வகை 100 ஆயின் மியூவான் வகை ஏறக்குறைய 85 என வெளியிட்டனர். கொள்கை மெய்யாயின், இத்துணை வேறுபாடு தற்செயலாய்த் தோன்ற ஆயிரத்தில் ஒரு பங்கே இடமுண்டு. இயற்கையின் புதியதோர் விசை வெளிப்பட்டதோ எனப் பலரும் வியந்தனர்.

மியூவான் தடித்த இரும்புச் சுவரையும் ஊடுருவுமாதலால் அதனை அறிதல் எளிது. எலெக்ட்ரானோ வழியில் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். அதனை இனங்காணல் அரிது. குழுவினர் தம் கணக்கை மீண்டும் நுணுகி ஆராய்ந்தபோது, பியோன், காவோன் முதலியன சில எலெக்ட்ரான் வேடம் பூண்டு எண்ணிக்கையிற் புகுந்தமை புலனாயிற்று. எலெக்ட்ரான் தொகை இங்ஙனம் பெருகவே, மியூவான் தொகை குறைந்ததுபோல் தோன்றிற்று. அப்போலிகளை நீக்கி 2022 டிசம்பரில் வெளியிட்ட முடிவில் 85 என்பது ஏறக்குறைய 95 ஆயிற்று. அளவையின் ஐயவெல்லைக்குள் இது சமமேயாம்.

புதுமையை அவாவிய உள்ளங்களுக்கு இஃது ஏமாற்றமே. எனினும், உலகம் வியந்த முடிவைத் தாமே ஐயுற்று, தாமே சோதித்து, தாமே திருத்தி வெளியிட்டமை சிறிய செயலன்று. நம் சோதனைச் சாலைகளில் துலாக்கோல் பிடிக்கும் மாணவர்க்கும், விரும்பிய விடை வரும்போதே கணக்கை மறுமுறை பார்த்தல் கடன்.