ஒரு ரோல் பிலிம் கிடைக்குமா சார்?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் போய் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "திருக்கோகர்ணம் மியூசியத்துல கேளுங்க!" என்று அனுப்பி வைத்தாலும் ஆச்சரியமில்லை.

இத்தனைக்கும் பிலிம் நம்ம தமிழ்நாட்டுச் சரக்கு சார்! ஊட்டியில் மத்திய அரசு 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியில் இறங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. 1990-களில் நலிந்த தொழிற்சாலை, பிறகு மூடியே போனது.

இங்கிலாந்தில் வேறு கதை. இல்ஃபோர்டு கம்பெனி 2004-ல் நொடித்தது. வேறு வேலை தேடாமல், அங்கிருந்த மேனேஜர்கள் சிலரே சேர்ந்து 2005-ல் அதை வாங்கினார்கள். இன்றும் அந்த ரோல் வருகிறது! 2012-ல் திவால் மனு கொடுத்த கோடாக்கும் பிலிம் போடுகிறது.

பிலிம் பூசுகிற மெஷின் ராட்சசன். பத்து ரோலுக்காக ஓடாது. வாங்க ஆள் இருந்தால்தான் ஓடும். ஆகவே, பீரோவில் அப்பாவின் பழைய கேமரா தூங்கினால் எழுப்புங்கள். ஆபீஸில் நாலு பேர் பங்கு போட்டு, கூரியரில் ஒரு ரோல் வரவழையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் பிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே பிரிக்காதீர்கள், வேர்த்துவிடும். குளிர் போகட்டும்.

பிறகென்ன... முப்பத்தாறே படம். மேனேஜருக்கு ஒன்று போதும். மிச்சம் முப்பத்தைந்தும் வீட்டுக்கு!