ஒரு மாத்திரையில் எத்தனை மருந்து?

ஒரு மருந்து வலியைத் தணிக்கும் என்றால், மூன்றைக் கலந்து கொடுத்தால் மூன்று மடங்கு பலன் கிடைக்குமா? ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே ‘பெக்ஸ்’ என்றொரு தலைவலிப் பொடி மிகவும் பிரபலமாக இருந்தது. அதில் ஆஸ்பிரின், பினாசெட்டின், காபீன் மூன்றும் கலந்திருந்தன. முதல் இரண்டும் வலி நீக்கிகள். காபீன், காப்பியிலும் தேநீரிலும் உள்ள ஊக்கப்பொருள். தினமும் காபீனுக்குப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். அதைப் போக்க மறுபடியும் பொடி! இப்படிப் பலர், குறிப்பாகப் பெண்கள், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அதை உட்கொண்டார்கள்.

சிறுநீரகம் பழுதடைந்து வந்த நோயாளிகளில் பலர் இத்தகைய பொடிகளைத் தின்று பழகியவர்கள் என்பதை மெல்போர்ன் மருத்துவர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் 1960-களில் எடுத்துக் காட்டினார். 1979-இல் இக்கலவைகளின் தாராள விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. நாளடைவில் அந்த நோயும் குறைந்தது.

குற்றவாளி எது? பினாசெட்டின் மீதுதான் சந்தேகம் அதிகம். ஆனால் மூன்றும் ஒன்றாகவே உடலுக்குள் சென்றதால், எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்தறிவது கடினமாயிற்று. கலவை மருந்தின் முக்கியக் குறையே இதுதான். ஒன்றின் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒவ்வாமை ஏற்பட்டால் எதனால் என்றும் தெரியாது.

இன்னொரு செய்தி. பினாசெட்டின் உடலுக்குள் பாரசிட்டமாலாக மாறித்தான் வலியைத் தணிக்கிறது என்று பிராடி, ஆக்செல்ராட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1949-இல் கண்டறிந்தார்கள். அப்படியானால் பாரசிட்டமாலை மட்டும் கொடுத்தாலே போதுமல்லவா?

எல்லாக் கலவையும் தீயதா? இல்லை. இபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் வெவ்வேறு வழிகளில் வேலை செய்பவை. பல் பிடுங்கிய பின் வரும் வலிக்கு, இவற்றில் ஒன்றைத் தனியே கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அதிகம் பேருக்குக் குணம் தெரிகிறது. ஆனால் இபுப்ரோஃபெனுடன் அதே இனத்து டைக்ளோஃபெனாக்கைச் சேர்த்தால் வயிற்றுப்புண் அபாயம்தான் வளரும். பயனுக்குத் தக்க சான்று இல்லை என்று இந்திய அரசு 2018-இல் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது.

உங்களுக்கு ஒரு சிறு கணக்கு. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை. கூடவே ஜலதோஷ மாத்திரை. அதற்குள்ளும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால். ஒரே வேளையில் 1,150 மில்லிகிராம்! இப்படி வேளைதோறும் தொடர்ந்தால் ஒரு நாளில் அளவு மீறும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். ஆகவே வீட்டில் மாத்திரை வாங்கி வந்தால், அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால், விழுங்குவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.