உடம்பு அசையும்வரை காத்திருத்தல்

கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு தானாக அசையத் தொடங்கும்வரை காத்திருப்பது ஒரு பயிற்சி. 'ஆத்தென்டிக் மூவ்மென்ட்' என்று உலகம் இன்று அறியும் இதை 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸ் (1911–1979) உருவாக்கினார். 'ஆழத்தின் அசைவு' என்பது அவர் வைத்த பெயர். பாட்டு, தாளம், மனப்பாடம் செய்ய வேண்டிய அடவு எதுவும் இதில் கிடையாது. வேண்டியதெல்லாம் ஒரு வெற்று அறை, அசைபவர் ஒருவர், அவரைப் பார்த்திருக்க இன்னொருவர்.

வைட்ஹவுஸ் அடிப்படையில் நடனக்காரர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மனிடம் பயின்றவர். விக்மனோ 1913இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவுக்கு மேலே இருக்கும் மோன்டே வெரிட்டா குன்றில் நடன ஆசிரியர் ருடால்ஃப் லாபானோடு சேர்ந்து, பாலே இலக்கணத்தையும் இசையின் பிடியையும் உதறிய நடனத்தைத் தேடியவர். மறு ஆண்டே அவர் 'சூனியக்காரி நடனம்' ஆடினார். அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அந்தத் துணிச்சல் மாணவிக்கும் தொற்றியது.

இன்னொரு வேர் உளவியலில் இருக்கிறது. மனத்தின் அடியில் கிடப்பதை அடக்காமல் உருவம் பெற விட்டு, விழிப்போடு அதைக் கவனிக்கும் முறையை உளவியலாளர் கார்ல் யுங் 1916இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். அது அச்சேற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. படம் வரையலாம், களிமண்ணைப் பிசையலாம், உடலசைவாகவும் வெளிப்படுத்தலாம் என்பது அவர் கருத்து. யுங்கின் வழிவந்தவர்களிடம் உளப்பகுப்பாய்வு செய்துகொண்ட வைட்ஹவுஸ், மற்றவர்கள் கடந்துபோன அந்த மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டார்.

'நான் அசைகிறேன்', 'நான் அசைக்கப்படுகிறேன்' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அவருடைய கண்டுபிடிப்பின் மையம். முதலாவதில் புத்தி கட்டளையிடுகிறது. இரண்டாவதில் அசைவு எங்கிருந்தோ எழுகிறது, ஆள் அதற்கு இடம் கொடுக்கிறார். கேட்க மாயம்போல இருக்கும். அந்த உணர்வின் சாயலை மட்டும் எந்த வீட்டு வாசலிலும் பார்த்துவிடலாம். வாசற்படியில் நின்று, முழங்கை மடங்காமல், புறங்கையை நிலைச்சட்டத்தில் ஒரு நிமிடம் பலமாக அழுத்தவேண்டும். பிறகு விலகி நின்று தோளைத் தளர்த்தினால், பெரும்பாலோருக்குக் கை தன்பாட்டுக்கு மேலே மிதந்து எழும். தூக்கியது யார் என்றே தெரியாது. ஜெர்மன் மருத்துவர் ஒஸ்கார் கோன்ஸ்டாம் 1915இல் இதை விவரித்தார். இது நரம்பும் தசையும் சேர்ந்து செய்யும் வேலை, ஆழ்மனத்துக்கு ஆதாரம் அல்ல. ஆனாலும் 'அசைக்கப்படுதல்' எப்படியிருக்கும் என்று சொல்ல இதைவிட எளிய வழி இல்லை.

பயிற்சி ஒரு மணியோசையில் தொடங்கும். புதியவர்களுக்குப் பத்து நிமிடமே அதிகம். பழகியவர்கள் அரைமணி நேரமும் இருப்பார்கள். கண்ணை மூடியதும் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மூச்சு தெரியும், இடுப்பு வலி தெரியும், 'என்ன செய்கிறோம் நாம்' என்ற கூச்சம் வரும். பிறகு தலை ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வைத் தடுக்காமல் விட்டால் தோள் இறங்கும், முட்டி மடங்கும், ஆள் தரைக்குப் போய்ச் சுருண்டு படுத்தாலும் படுப்பார். ஒரு விரல் மட்டும் அசைந்து முடிகிற நாளும் உண்டு. வேகமாகச் சுழலவோ ஓடவோ தோன்றினால் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டும் என்பது பாதுகாப்பு விதி.

உள்ளுணர்வு என்றவுடன் கட்டவிழ்ந்த ஆட்டத்தைக் கற்பனை செய்வது தவறு. கண்ணை மூடியதும் முதலில் வருவது பெரும்பாலும் பழக்கம்தான். நடனம் கற்றவரின் கை, கற்ற முத்திரைக்கே போகும். யோகா செய்பவர் ஆசனத்தில் போய் நிற்பார். அலுவலகத்தில் நாளெல்லாம் உட்கார்பவர் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுப்பார். இவை தீர்ந்த பிறகு வரும் வெறுமையில்தான் முன்பின் அறியாத அசைவு எழ வாய்ப்பிருக்கிறது. அதனால் இந்தப் பயிற்சியில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் பொறுமைதான்.

சுவரோரம் உட்கார்ந்திருப்பவரைச் 'சாட்சி' என்கிறார்கள். இந்தப் பங்கை ஒரு முறையாக வளர்த்தவர் வைட்ஹவுஸின் மாணவி ஜேனட் ஆட்லர். 1981இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆசிரியையின் பெயரிலேயே பயிற்சி நிலையம் தொடங்கியவர் அவர். ஆட்டம் முடிந்ததும் அசைந்தவர் முதலில் பேசுவார், அவர் விரும்பினால் மட்டும் சாட்சி பேசலாம். 'நீங்கள் சோகமாக இருந்தீர்கள்' என்று சொல்லக் கூடாது. 'உங்கள் கை நெஞ்சின்மேல் நின்றதைப் பார்த்தேன், அப்போது எனக்குத் தொண்டை அடைத்தது' என்று கண்டதையும் தனக்கு நேர்ந்ததையும் பிரித்துச் சொல்லவேண்டும். அசைவதைவிட இதுதான் கடினம் என்று தோன்றுகிறது. மதிப்பெண் போடாத ஒரு பார்வைக்கு முன்னால் இருப்பது பெரியவர்களுக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. படைப்பின் முதல் தடையான வெட்கம் அங்கேதான் தளர்கிறது. பலரும் பேச்சுக்கு முன்பே தாளும் வண்ணமும் எடுத்துக் கோடு போட உட்கார்ந்துவிடுவார்கள்.

இதன் மருத்துவப் பயனைப் பெரிதுபடுத்திச் சொல்பவர்களும் உண்டு. இதுபோன்ற பயிற்சிகள் இடம்பெறும் நடன அசைவுச் சிகிச்சை மனச்சோர்வுக்கு உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015இல் தேடியபோது, தகுதியான ஆய்வுகள் மூன்றே கிடைத்தன, பங்கேற்றவர்கள் 147 பேர். உறுதியாக எதுவும் சொல்ல அது போதவில்லை. உதவாது என்பது இதன் பொருளல்ல. அடித்துச் சொல்லும் விளம்பரங்களை நம்பத் தேவையில்லை என்பதே பொருள்.

கண்ணை மூடி உள்ளே போகும் இந்த வழி, கடுமையான மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. எது உள், எது வெளி என்பதே அவர்களுக்குக் குழம்பியிருக்கும். அவர்களோடு வேலை செய்ய வேறொரு வழி ஏற்கெனவே இருந்தது. 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மேரியன் சேஸ் என்ற நடன ஆசிரியை, யாரோடும் பேசாத நோயாளிகளிடம் வேலை செய்யத் தொடங்கினார். ஒருவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால் அதே ஆட்டத்தைத் தன் உடம்பில் ஏற்று எதிரே நிற்பார். பிறகு இசை போட்டு, கண் திறந்தபடி, ஒவ்வொருவராக வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார். 1966இல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.