நீரில் மின்னிறக்கம்: அளவீடு எதனை அளக்கின்றது?

1789இல் ஒல்லாந்தரான பெற்ஸ் வான் துரூஸ்ற்விக், டைமன் ஆகிய இருவரும் நீரினூடாக மின்பொறிகளைச் செலுத்தி, அதனை வாயுக்களாகப் பிரித்துக் காட்டினர். அவர்கள் சேகரித்தது நிலைத்துநின்ற விளைபொருளையே. பொறி தோன்றிய கணத்தில் நீருள் நிகழ்ந்தவை அன்றைய கருவிகளுக்கு எட்டவில்லை. தோன்றிய உடனேயே மறைவனவற்றை எவ்வாறு அளப்பது என்பதே இத்துறையின் தலையாய பிரச்சினையாக இன்றும் உள்ளது.

மின்னிறக்கத்தில் விரைவு பெற்ற இலத்திரன்கள் நீர் மூலக்கூறுகளைச் சிதைக்க, ஐதரொட்சில் மூலிகங்கள் பிறக்கின்றன. தாக்குதிறன் மிக்க இவை மிகக் குறுகிய காலமே நிலைப்பன. இவற்றுள் இரண்டு இணையுமிடத்து ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது. மின்னிறக்கம் காற்றிலே நிகழ்ந்து நீரைத் தொடுமாயின் நைத்திரைற்றும் நைத்திரேற்றும் சேர்ந்து, நீர் அமிலத்தன்மை அடைகின்றது.

பேரொட்சைட்டை அளத்தல் ஒப்பீட்டளவில் எளிது. அமிலம் கலந்த தைத்தேனியச் சல்பேற்றுக் கரைசலுடன் அது மஞ்சள் நிறம் தரும். ஏறத்தாழ 410 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளியுறிஞ்சலைக் கொண்டு செறிவு கணிக்கப்படும். மூலிகத்தையோ நாம் நேரே கைப்பற்ற இயலாது. தெரப்தலிக்கமிலத்தை முன்னரே நீரிலிட்டால், மூலிகம் அதனுடன் சேர்ந்து, கழியூதாக் கதிர் பட நீலமாக ஒளிரும் பொருளொன்றைத் தரும். எனினும் நாம் அறிவது அகப்பட்ட பங்கையே. பிறந்த முழுத்தொகையை அன்று.

இங்கு இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, சோதனைப்பொருள் ஒன்றுக்கு மட்டும் வசப்பட்டதன்று. 1981இல் பாடர், ஹொய்க்னே ஆகியோர் வெளியிட்ட இண்டிகோ முறையில், ஓசோன் நீலநிறத்தை வெளுப்பிக்கின்றது. ஆனால் ஐதரொட்சில் மூலிகமும் அதனை வெளுப்பிக்க வல்லது. வெளுப்பு முழுவதையும் ஓசோனின் கணக்கில் எழுதுவது தவறாகும். இரண்டாவது, மின்னோட்டம் நின்ற பின்னரும் நீர் ஓய்வதில்லை. அமிலச் சூழலில் நைத்திரைற்றும் பேரொட்சைட்டும் ஒன்றையொன்று உண்டு குறைகின்றன. ஆதலின் மாதிரியை எடுத்தவுடனே சோடியம் அசைட்டுச் சேர்த்து நைத்திரைற்றை அகற்றுவர். தாமதித்து அளந்தவருக்குக் கிடைப்பது வேறொரு நீரின் கணக்கு.

எனவே, அளந்த நேரம், அமிலநிலை, சோதனைப்பொருள் ஆகியவை கூறப்படாத எண், எண்ணாக இருக்கலாம், அறிவாகாது. இது ஆய்வுகூடத்தோடு முடியும் விவகாரமுமன்று. கிருமி நீக்கவும் கழிவுநீரைத் தூய்மையாக்கவும் இம்முறை முன்மொழியப்படுகையில், அதன் வலிமைக்குச் சான்றாக வைக்கப்படுவன இவ்வெண்களே. பிழையான எண்ணின் விலையைச் செலுத்துவோர் அதனைச் சரிபார்க்கும் வசதியற்ற, நீரைப் பருகும் மக்களேயாவர். அளவீட்டு முறையை வெளிப்படையாகக் கூறும்படி கேட்பது, ஆதலின், அவர்கள் சார்பாகக் கேட்பதுமாகும்.