மேலிருந்து விரலை இழுத்துப் பாருங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏ ஷிப்ட் விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சாலையோர டீக்கடையில், பக்கத்துத் தொழிற்சாலையில் லைன் பார்க்கும் தம்பி ஒருவர் செல்போனை என் பக்கம் நீட்டினார். "அண்ணா, ஸ்க்ரீன் ரெக்கார்டர்னு தேடினா வந்துக்கிட்டே இருக்கு. இதுல எதைப் போடறது?"

அவருக்கு அது நிஜமாகவே தேவை. மெஷின் செக்-ஷீட் காகிதத்திலிருந்து கூகுள் படிவத்துக்கு மாறிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் புதிதாக வந்து சேர்கிறவர்களுக்கு, எங்கே தொட வேண்டும், எதை நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று காட்ட வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு தடவை வீடியோவாக எடுத்து வைத்தால் யார் வந்தாலும் அனுப்பிவிடலாம். நல்ல யோசனை. கூட வேலை செய்யும் ஒருவரை இந்தியில் பேச வைத்தால் இன்னும் நல்லது.

"இப்போதைக்கு எதையும் இறக்காதீங்க தம்பி. மேலிருந்து விரலை ரெண்டு தடவை கீழே இழுங்க" என்றேன். வைஃபை, டார்ச் எல்லாம் இருக்கும் அந்தக் கட்டங்களில் இரண்டாவது பக்கத்தில் இருந்தது, திரையைப் பதிவு செய்யும் பொத்தான். அவர் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை.

ரொம்பப் பேர் பார்த்ததில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2014-இல் ஆண்ட்ராய்டு 5 வரும்வரை, போனை 'ரூட்' செய்யாமல், அதாவது அதன் உள்பூட்டைத் திறக்காமல், திரையைப் பதிவு செய்வது சாதாரண ஆட்களுக்கு ஆகிற காரியமாக இல்லை. அந்தப் பதிப்பு வழியைத் திறந்துவிட்டதும் ப்ளே ஸ்டோரில் செயலிகள் குவிந்தன. போனுக்குள்ளேயே அந்த வசதி வந்தது பிறகுதான்: ஐபோனில் 2017-இல், ஐஓஎஸ் 11-உடன், ஆண்ட்ராய்டில் 2020-இல், 11-ஆம் பதிப்புடன். சாம்சங், ஷாவ்மி போன்ற சில கம்பெனிகள் அதற்கு முன்பே தங்கள் போன்களில் சொந்தமாகச் சேர்த்திருந்தன. வசதி வந்த பிறகும் செயலி தேடும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்தப் பழக்கத்தை விடச் சொல்வதற்கு என்னிடம் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. 'ஐரெக்கார்டர்' என்று ஒரு செயலி 2021 செப்டம்பரில் ப்ளே ஸ்டோருக்கு வந்தது. திரையைப் பதிவு செய்தது, வேறு வம்பு எதுவும் செய்யவில்லை. மொத்தத்தில் 50,000 தடவைக்கு மேல் அதை இறக்கினார்கள். ஆனால் வந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில் உளவு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தச் செயலி போனைச் சுற்றி நடக்கும் பேச்சை மைக் வழியாகப் பதிந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்பியது. கோப்புகளையும் திருடக்கூடியதாக இருந்தது. ஸ்லோவாக்கியாவின் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 மே மாதத்தில் இதை வெளியே சொன்னது. கூகுள் அதை ஸ்டோரிலிருந்து நீக்கியது.

இதில் யாருக்கும் ஏன் சந்தேகம் வரவில்லை என்பதைத்தான் தம்பிக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு டார்ச் செயலி மைக்கைக் கேட்டால் நமக்கு உறுத்தும். ஸ்க்ரீன் ரெக்கார்டர் கேட்டால் உறுத்தாது, ஏனென்றால் அதன் வேலைக்கே மைக்கும் கோப்பும் வேண்டும். அந்த அனுமதியை நாமே மனமாரக் கொடுத்துவிடுகிறோம். நல்ல ரேட்டிங்கையும் நண்பர் சொன்னதையும் நம்பிப் போட்ட செயலி, அடுத்த அப்டேட்டில் வேறு ஆளாக மாறலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ராய்டில் திரையைப் பதிவு செய்யும் செயலியும், திரையை வேறொருவருக்கு நேரலையாகக் காட்டும் செயலியும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. "திரையில் தெரியும் எல்லாவற்றையும் இது பார்க்க முடியும்" என்று போன் எச்சரிக்கும் அந்தப் பெட்டிதான் வாசல். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு செயலியை இறக்க வைத்து, 'தொடங்கு' என்பதை அழுத்த வைப்பவர்கள் குறி வைப்பதும் இதைத்தான். எனிடெஸ்க் போன்ற, திரையைப் பகிரும் செயலிகள் வழியாகப் பணம் பறிபோவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. யாராவது போனில் பேசிக்கொண்டே அந்தப் பெட்டியை அழுத்தச் சொன்னால், பேச்சைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

"பேங்க் ஆப்பை எடுத்தா கறுப்பா வருதாமே?" என்று கேட்டார். பழுது இல்லை. திரையை எடுக்கவே கூடாது என்று அந்தச் செயலியைக் கட்டியவர்கள் போட்ட பூட்டு அது. அதையும் தாண்டி எடுத்துத் தருகிறேன் என்று எந்தச் செயலியாவது சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிறகு வேலைக்கு வந்தோம். பொத்தானைத் தொட்டதும் ஒலி எது என்று கேட்கும்: போனுக்குள் ஓடுவதா, மைக்கா, இரண்டுமா. குரல் விளக்கம் வேண்டுமென்றால் மைக் இருக்க வேண்டும். வீடியோ ஊமையாக வந்தால் பெரும்பாலும் இங்கேதான் தவறியிருக்கும். ஐபோனில் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் மைக் தெரியும். 'தொடும் இடத்தைக் காட்டு' என்ற வசதி இருந்தால் கட்டாயம் போடுங்கள். விரல் படும் இடத்தில் ஒரு புள்ளி தெரியும். மொழி தெரியாதவருக்கு அந்தப் புள்ளிதான் வாத்தியார்.

அளவையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி ஆகிவிடும். படிவம் காட்டுவதற்கு 720p தெளிவு போதும், தேர்ந்தெடுக்க வழி இருந்தால் குறையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

பழைய போனில் பொத்தானே இல்லையென்றால் செயலி போடத்தான் வேண்டும். அப்போதும் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். எஸ்எம்எஸ், தொடர்புகள், அக்ஸசபிலிட்டி என்று கேட்டால் கொடுக்காதீர்கள். திரையை எடுக்க அவை எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

டீ ஆறுவதற்குள் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பாதியில் வீட்டிலிருந்து வந்த மெசேஜ் ஒன்று திரையின் மேலே முழுசாகப் பதிந்துவிட்டது. அதை அழித்தார். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்பதைப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.