முகப்பு விளக்கு அணைந்தால் யார் பொறுப்பு? பழைய காரும் கைக்கு வராத கடிதமும்

கிள்ளானில் குடியிருந்து பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. பகலில் கொமுட்டர் ரயில் இருக்கிறது. ஆனால் இரவு வேலை முடிந்து திரும்பும்போதும், பிள்ளைகளை டியூசனுக்கு ஏற்றி இறக்கும்போதும், வார இறுதியில் உறவினர் வீட்டு விசேஷத்திற்குப் போகும்போதும் சொந்த வாகனம் இல்லாமல் முடியாது. புதிய கார் கைக்கு எட்டாத குடும்பங்கள் பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய காரைத் தேடிப் போகின்றன.

அப்படி வாங்குகிறவர்கள் எதையும் பார்க்காமல் வாங்குவதில்லை. இன்ஜின் சத்தம் சரியா, கார் விபத்தில் சிக்கியதா, வங்கிக் கடன் பாக்கி உண்டா, சாலை வரி எப்போது முடிகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. "இந்தக் காரைத் தயாரித்த நிறுவனம் ஏதாவது பழுதுக்காகத் திரும்ப அழைத்திருக்கிறதா? அந்த வேலை செய்து முடிக்கப்பட்டதா?"

இந்தக் கேள்வியின் முக்கியத்துவம் ஒருநாள் இரவு முகப்பு விளக்கு இரண்டும் ஒன்றாக அணையும்போதுதான் பலருக்குப் புரிகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போன்ற நிலை அது.

விளக்கு ஏன் அணைகிறது?

முகப்பு விளக்குப் பழுது என்றதும் பல்ப் போய்விட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு பக்க விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அது பெரும்பாலும் உண்மைதான். பழைய கார்களில் உள்ள ஹலோஜன் பல்ப் சில நூறு மணி நேரம் எரிந்த பின் தேய்ந்து போகும் பொருள். அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் கதை வேறு. இரண்டு பல்ப்புகள் ஒரே நொடியில் போவது அரிது. அப்போது சந்தேகப்பட வேண்டியது இரண்டுக்கும் பொதுவாக உள்ள பாகத்தை. அது பியூஸாக இருக்கலாம், ரிலேயாக இருக்கலாம், ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள விளக்குச் சுவிட்சாக இருக்கலாம், அல்லது விளக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியாக இருக்கலாம். விளக்கு விட்டு விட்டு எரிந்தால், மின்சாரம் காரின் உடலோடு சேரும் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம்.

இதற்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 55 வாட் பல்ப் ஒன்று 12 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்ப்புக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல். சில பழைய கார்களில் இந்த மின்சாரம் முழுவதும் ரிலே இல்லாமல் சுவிட்ச் வழியாகவே போகிறது. பல ஆண்டுகள் ஆனதும் சுவிட்சின் உள்ளே உள்ள முனைகள் தளர்ந்து, சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்ப்பை மாட்டிவிட்டால் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 17 ஆம்பியராகிவிடும். தொழிற்சாலையில் போட்ட ஒயர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இன்னொன்று, வெளிச்சம் குறைவதற்குப் பல்ப்பே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இந்நாட்டு வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற காரின் விளக்கு மூடி மஞ்சளித்துப் போகிறது. உள்ளே பல்ப் நன்றாக எரிந்தாலும் வெளிச்சம் சாலைக்கு வருவதில்லை. மூடியை மெருகேற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதை விட்டுவிட்டு, கண்ணைக் கூசவைக்கும் எச்ஐடி, எல்இடி பல்ப்புகளைப் பழைய கூட்டுக்குள் திணிப்பது எதிரே வருபவருக்கு ஆபத்து. அனுமதியில்லாத இத்தகைய மாற்றங்களுக்கு எதிராகச் சாலைப் போக்குவரத்து இலாகா நடவடிக்கை எடுக்கிறது.

கூட்டரசு நெடுஞ்சாலையின் ஏமாற்று வெளிச்சம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓட்டுபவர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் தெரு விளக்குகள் வரிசையாக இருக்கின்றன. முன்னும் பின்னும் வாகனங்களின் வெளிச்சம். அந்த ஒளியில் தன் காரின் முகப்பு விளக்கு அணைந்ததே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். டாஷ்போர்டு விளக்குகள் எரிவதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். உண்மை தெரிவது காப்பார், ஜெராம் பக்கம் திரும்பி, விளக்கில்லாத தோட்டத்துச் சாலையில் நுழையும்போதுதான்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். என்ன நடந்தது என்று புரிவதற்கு இரண்டு நொடி ஆனால், 50 மீட்டர் தூரம் இருட்டில் ஓடி முடிந்திருக்கும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கலாம், சாலையோரம் நிறுத்திய லோரி இருக்கலாம்.

பராமரிப்புக் குறையா, தயாரிப்புக் குறையா?

அணைந்த விளக்குக்கு யார் பணம் கட்டுவது என்பதே அடுத்த கேள்வி. பல்ப் தேய்ந்தால் உரிமையாளர் கட்ட வேண்டும். அதில் வாதமில்லை. ஆனால் ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான கார்களுக்கு ஒரே பாகம் ஒரே விதமாகக் கெட்டால் அது தயாரிப்புக் குறை. அப்போது நிறுவனம் அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இதைத்தான் ரீகால் என்கிறார்கள்.

முகப்பு விளக்குக்காகவே பெரிய அளவில் ரீகால்கள் நடந்திருக்கின்றன. 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் 2002 முதல் 2004 வரையிலான சிஆர்-வி, 2003 பைலட் மாடல்களில் ஏறக்குறைய 5 லட்சத்து 54 ஆயிரம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. விளக்குச் சுவிட்சின் ஒயரிங் முனைகள் சூடேறி, லோ பீம் விளக்குகள் அணையக்கூடும் என்பது காரணம். 2014 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 3 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் அதிகமான வாகனங்களைத் திரும்ப அழைத்தது. விளக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி சூடேறிச் செயலிழப்பதே அங்குள்ள குறை.

இரண்டிலும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அறிவிப்பு வந்தபோது அந்தக் கார்கள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை ஓடி முடித்திருந்தன. அதற்குள் பல கார்கள் கைமாறியிருக்கும். பல உரிமையாளர்கள் சொந்தப் பணத்தில் சுவிட்சையும் பெட்டியையும் மாற்றியிருப்பார்கள். தயாரிப்புக் குறையைப் பராமரிப்புச் செலவு என்று எண்ணிக் கட்டிய பணம் அது.

கடிதம் எங்கே போகிறது?

ரீகால் அறிவிப்பு வந்ததும் நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. எந்த முகவரிக்கு? தன் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. அது பெரும்பாலும் காரைப் புதிதாக வாங்கியவருடையது. அவர் காரை விற்றிருப்பார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றிருப்பார். மூன்றாவது உரிமையாளர் நிறுவனத்தின் சேவை மையத்திற்குப் போவதில்லை. செலவு குறைவு என்று தாமான் பட்டறையிலேயே வேலையை முடித்துக்கொள்கிறார். ஆகவே நிறுவனத்திற்கு அவரைத் தெரியாது. குறை காரோடு வருகிறது, கடிதம் வருவதில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை மலேசியா நேரடியாகக் கண்டது. அது விளக்கினால் அல்ல, தகாத்தா காற்றுப்பையினால். அந்தக் காற்றுப்பையை விரிக்கும் கருவியில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற இரசாயனம், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள சூழலில் பல ஆண்டுகள் இருந்தால் கெட்டுப்போகிறது. பிறகு விபத்தில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டை உடைத்து, துண்டுகளை ஓட்டுநர் மீது பாய்ச்சுகிறது. உயிரைக் காக்க வைத்த சாதனமே உயிரைப் பறிக்கிறது.

2014 ஜூலையில் சரவாக், சிபுவில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி காரை ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படி உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இந்தக் கருவியால் நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் மரணம் அது. அந்த ஆண்டு நவம்பரில் ரீகால் விரிவாக்கப்பட்டது. ஆனால் 2016-இல் மலேசியாவில் மேலும் உயிர்கள் போயின. அப்போது ரீகால் நடப்பில்தான் இருந்தது. கடிதங்களும் விளம்பரங்களும் வந்துகொண்டுதான் இருந்தன. தகாத்தா நிறுவனம் 2017 ஜூனில் திவாலாகிவிட்டது. மாற்றப்படாத கருவிகள் மட்டும் பழைய கார்களில் ஓடிக்கொண்டே இருந்தன.

விளக்கு அணைந்தால் குறை கண்ணுக்குத் தெரியும். காற்றுப்பைக் குறை கடைசி நொடி வரை தெரியாது. ஆனால் இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. கடிதத்திற்குக் காத்திராமல் உரிமையாளரே விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பது எப்படி?

காரின் சேசிஸ் எண்தான் இதற்குச் சாவி. கிராண்ட் எனப்படும் உரிமைச் சான்றிதழில் அந்த எண் இருக்கும். அதைக் கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்தில் நேரில் கேட்கலாம், தொலைபேசியிலும் கேட்கலாம். ஹோண்டா போன்ற சில நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினாலே விவரம் தெரிந்துவிடும். ரீகால் வேலை இலவசம். எத்தனையாவது உரிமையாளர் என்பது பொருட்டல்ல.

இங்கே மூன்று ஏமாற்றங்கள் காத்திருக்கலாம். முதலாவது, அமெரிக்காவில் அறிவித்த ரீகால் மலேசியாவில் விற்ற அதே பெயர் கொண்ட காருக்குப் பொருந்தும் என்பதில்லை. பாகம் வேறு தொழிற்சாலையில் செய்யப்பட்டிருக்கலாம். ஆகவே இணையத்தில் படித்த செய்தியைக் காட்டி வாதாடுவதைவிட, சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பதிலை எழுத்தில் கேட்பது நல்லது. இரண்டாவது, அடுத்தடுத்த ஆண்டு மாடலாக இருந்தும் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. மூன்றாவது, மாற்றுப் பாகம் வந்து சேரக் காலதாமதம் ஆகலாம். தகாத்தா விவகாரத்தில் உலகம் முழுவதும் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிச் சொன்னால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்து, அதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழுதான பாகத்தைச் சொந்தச் செலவில் மாற்றியவர்கள் ரசீதையும் பழைய பாகத்தையும் தூக்கி எறியக் கூடாது. பின்னாளில் ரீகால் வந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.

விற்றவருக்குப் பொறுப்பு இல்லையா?

"இருந்த நிலையிலேயே விற்கப்பட்டது, பிறகு புகார் செய்யக் கூடாது" என்று எழுதிய தாளில் பழைய கார் வியாபாரிகள் சிலர் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டதும் எல்லா உரிமையும் போய்விட்டதாக வாங்கியவர் பயந்துவிடுகிறார். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஓர் ஒப்பந்தத்தால் அந்த உரிமையைத் தட்டிப் பறிக்க முடியாது. ஆனால் விலையும் பொருளின் தன்மையும் கணக்கில் கொள்ளப்படும். விற்கும் முன்பே வியாபாரி ஒரு குறையைச் சுட்டிக்காட்டியிருந்தால், அதை வைத்துப் பின்னர் புகார் செய்ய இயலாது.

பேச்சு வார்த்தையில் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2019-இல் 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இது வியாபாரியிடம் வாங்கியவர்களுக்கே உதவும். நண்பரிடமோ தெரிந்தவரிடமோ நேரடியாக வாங்கியவர் வாங்கும் முன்பே கவனமாக இருப்பதுதான் வழி.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம், பழைய கார்களையும் உள்ளடக்கியது. வாங்கிய ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. வாங்கியவர் தலையில் சுமையை ஏற்றாத ஏற்பாடு அது.

இருட்டில் சிக்கிக்கொண்டால்

ஓடும்போது முகப்பு விளக்கு அணைந்தால் திடீரென்று பிரேக்கை அழுத்தக் கூடாது. முதலில் ஹை பீம் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது பல நேரங்களில் தனி இணைப்பில் இருக்கும். உடனே அபாய விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது பக்க அவசரத் தடத்தில் நிறுத்த வேண்டும். காரைவிட்டு இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று உதவிக்கு அழைக்கலாம். வீடு பக்கம்தானே என்று இருட்டிலேயே ஓட்டிப் போவது வேண்டாத துணிச்சல்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வராமல், ஒருமுறை இருட்டிய பிறகும் போய்ப் பார்ப்பது நல்லது. சுவரை நோக்கிக் காரை நிறுத்தி, விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டால், மங்குவதும் விட்டு விட்டு எரிவதும் தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு சேவை மையத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் அந்த அழைப்பை இந்த வாரமே செய்யலாம். முதல் உரிமையாளரின் வீட்டு மேசையில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கடிதத்தில் இருப்பது அவர்களுடைய காரின் எண்ணாக இருக்கலாம்.